அறுபத்தொரு பேரின் கருத்து

திருவனந்தபுரம்
9.6.2003

அன்புள்ள ஜெயபாய் அக்காவுக்குத் தம்பி ராஜமணி எழுதுவது. நானும் ஷைலஜாவும் பிள்ளை அகிலும் தேவ கிருபையால் நல்ல சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி? அத்தானுக்கு இருமல் விட்டதா?

ஒரு நல்ல செய்தி. சஹ்யா கன்சல்டன்சியில் என்னைத் திட்ட அலுவலர் ஆக்கியிருக்கிறார்கள். 'என் நாடு, என் பிளான்' என்பது திட்டத்தின் பெயர். ஊரில் எங்கே ரோடு, எங்கே பார்க் என்று நாலு மெம்பர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யும் காலம் போயிற்று. கம்ப்யூட்டரில் ஊரின் வரைபடம் வரும். சாதாரண ஜனங்களே அதைப் பார்த்துத் தங்கள் தேவையைச் சொல்லலாம். பெண்கள், தோட்டத் தொழிலாளிகள், எழுத்தறியாதவர்கள் ஒருவரையும் விடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. உங்கள் பஞ்சாயத்தைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

இந்த மாதம் 21, சனிக்கிழமை, எங்கள் ஆட்கள் மேலே வருவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களைக் கொஞ்சம் நல்ல துணி உடுத்தி வரச் சொல்லுங்கள், போட்டோ எடுப்பார்கள். கூட்டம் கூடி எஸ்டேட்காரரைத் திட்டும் இடமில்லை இது என்றும் சொல்லிவையுங்கள். நம் ஆட்களின் குணம் எனக்குத் தெரியும். மூணாம் டிவிஷனில் வயதுவந்தவர்களின் பெயர், வயது எழுதிய பட்டியல் ஒன்றும் வேண்டும். பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கும் உங்களுக்குத் தெரியாத வீடு உண்டா?

அத்தானுக்கு என் அன்பு.
ராஜமணி


மேலாறு எஸ்டேட், மூணாம் டிவிஷன்
25.6.2003

அன்புள்ள தம்பி ராஜமணிக்கு அக்கா எழுதிக்கொள்வது. கர்த்தர் இதுவரை எங்களைக் காத்திருக்கிறார். மூட்டுவலி மழையோடு வந்தது, மழையோடு போகும். அத்தான் இருமிக்கொண்டேதான் வேலைக்குப் போகிறார். ஷைலஜாவும் அகிலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் ஆட்கள் வந்தார்கள். ஓடை வரைக்கும் வந்தார்கள். பாலம் வெள்ளத்தில் போனபிறகு இரண்டு சில்வர் ஓக் தடி போட்டு நாங்கள் கடக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் தினமும் நடக்கிற அந்தத் தடியில், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க உன் ஆட்களுக்குக் கால் வரவில்லை. அதனால் நல்ல துணி உடுத்திய நாங்கள் மழையில் அக்கரைக்குப் போனோம்.

ஜீப்புக்குள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். திரையில் மலையாளமும் இங்கிலீஷும். தங்கப்பன் கேட்டான், "சாரே, தமிழ் இல்லியா?" டை கட்டியிருந்தவன், "அது திட்டத்தோட அடுத்த கட்டத்தில் வரும் சேட்டா" என்றான். வரைபடத்தில் எங்கள் லயம் இருக்கிற இடம் வெறும் பச்சை. "இது என்னவாக்கும்?" என்று நான் கேட்டேன். "காடு" என்றான். "அப்போ நாங்க யாரு சாரே, காட்டுப் பன்னியா?" நாங்கள் சிரித்தோம். அவர்கள் சிரிக்கவில்லை.

மூன்று பேர் பதில் சொல்வதற்குள் பாட்டரி தீர்ந்தது. அப்புறம், இருண்டுபோன திரையில் ரத்னாபாயின் விரலைப் பிடித்து வைத்துப் போட்டோ எடுத்தார்கள். வந்தவர்களில் மனுஷி என்று சொல்ல ஒருத்திதான், திருவனந்தபுரம் கரமனைப் பெண், பத்மப்ரியா என்று பெயர். எங்களோடு தமிழில் பேசி, பதில்களைக் காகிதத்திலாவது எழுதிக்கொள்ளலாமே என்று கேட்டாள். டைக்காரன் அவளைக் குடை பிடிக்கச் சொன்னான்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான் தம்பி. ஓடைக்குப் பாலம். பாலம் போன அடுத்த வாரமே தங்கப்பனின் பெண்டாட்டி சுடலைமாடத்திக்குப் பேற்றுவலி கண்டதும், நாற்காலியில் வைத்து ஓடை வரை தூக்கிவந்ததும், எதிரே ஜீப் வந்து நின்றும் வெள்ளத்தில் அவளைக் கடத்த முடியாமல் தாயும் பிள்ளையும் போனதும் நீ அறிந்ததுதான். இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு நீ வரவில்லை.

பட்டியல் இத்துடன். பழைய எலெக்‌ஷன் லிஸ்டைப் பார்த்து எழுதியது, அறுபத்தொரு பெயர். இறந்துபோன நாலு பேருக்கு நேரே சிலுவை போட்டிருக்கிறேன். இரண்டு ரத்னாபாய் இருப்பதால், போட்டோவில் விரலைக் காட்டிய, எதற்கெடுத்தாலும் உச்சுக் கொட்டுகிறவளுக்கு 'பல்லி' என்று எழுதியிருக்கிறேன். அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.
அக்கா


திருவனந்தபுரம்
14.7.2003

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லாரும் சுகம். அகிலுக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் கடிதம் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்பது நாள். இதனால்தான் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறேன்.

பட்டியல் கிடைத்தது, மிகவும் உபகாரம். களத்தில் சின்னச் சின்னக் குறைகள் இருக்கத்தான் செய்யும். பெரிய காரியத்தைப் பார்க்க வேண்டும்.

பாலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிவத்தில் எட்டு விஷயங்கள் உண்டு: சுற்றுலா, பார்க், தெருவிளக்கு, கார் நிறுத்துமிடம், அந்த மாதிரி. பாலம் அதில் வராது. 'மற்றவை' என்று ஒன்பதாவதாக ஒன்று வைத்திருந்தோம். எல்லாப் பஞ்சாயத்திலும் ஜனங்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். கணக்கெடுக்க முடியவில்லை என்று எடுத்துவிட்டோம்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது.
ராஜமணி


மேலாறு எஸ்டேட்
22.9.2003

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். அகிலின் சளி இதற்குள் போயிருக்கும்.

ஆகஸ்டில் ஒன்று எழுதினேன், பதில் இல்லை. இது இரண்டாவது. 'மற்றவை'யை எடுத்துவிட்டீர்கள் என்று லயத்தில் படித்துக் காட்டினேன். பல்லி உச்சுக் கொட்டிவிட்டுச் சொன்னாள், "எக்கா, நம்மளத்தான் எடுத்திருக்கானுவ." உன் ஆபீஸில் இவ்வளவு பேர் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தும், எல்லாரும் ஒன்றையே கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு தலைக்கும் தோன்றவில்லையா?

அந்த மூன்று பேர் சொன்னது என்ன ஆயிற்று? மீதிப் பேரிடம் கேட்க மறுபடி வருவார்களா? வருவதானால் முந்தியே எழுது. நல்ல துணியைத் துவைத்துக் காயப்போட மழை விட வேண்டும்.

அக்கா


திருவனந்தபுரம்
18.11.2003

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் எல்லாருக்கும் கர்த்தர் நல்ல சுகம் தருவாராக.

பதில் எழுதத் தாமதமாயிற்று. டெல்லி போயிருந்தேன். எங்கள் திட்டத்துக்கு விருது கிடைத்திருக்கிறது! விமானத்தில் போனேன் அக்கா, மேடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன், அத்தானுக்குக் காட்டுங்கள். கையில் விருதோடு நடுவில் நிற்பவர் எங்கள் எம்.டி. பின்னால் பெரிய படத்தில் இருப்பது உங்கள் ரத்னாபாய்தான், கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டு!

உங்கள் டிவிஷனில்தான் நூறு சதவீதப் பங்கேற்பு. மாவட்டத்திலேயே அதிகம். ஜனவரியில் கீழே பள்ளிக்கூடத்தில் பொதுக்கூட்டம் நடக்கும், அதில் பிளானை எல்லாருக்கும் காட்டுவார்கள். குளிர்காலம், நீங்கள் இறங்கி வந்து கஷ்டப்பட வேண்டாம். நான் விவரம் எழுதுகிறேன்.

ஷைலஜா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
ராஜமணி


மேலாறு எஸ்டேட்
20.1.2004

தம்பி ராஜமணிக்கு, சுகம். உன் சுகத்தை டெல்லி போட்டோவில் பார்த்துக்கொண்டோம்.

வர வேண்டாம் என்று எழுதினாய். சனிக்கிழமை நாங்கள் முப்பது பேர் போனோம். உன்னைத் தேடினேன். டைக்காரன்தான் வந்திருந்தான்.

பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாகப் படம் காட்டினான். எங்கள் லயம் இருக்கிற பச்சையில் ஒரு வியூ டவர், பக்கத்தில் கார் நிறுத்த இடம், ஓடைக்கு மேல் கார் போகிற பாலம். நாற்பத்திரண்டு வீடும் காப்பகமும் கல்லறைத் தோட்டமும் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, "இது அந்த வார்டு ஜனங்களே கேட்டதாக்கும்" என்று சொல்லிப் பெயர்களை ஓடவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தான். என் பெயரும் இருந்தது. ஜெயபாய், 46, கார் நிறுத்துமிடம் வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஒரு காரிலும் ஏறினதில்லை ராஜமணி.

"ரத்னாபாய் பல்லி, 38" என்று வாசித்தான். ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பின் ஏழெட்டுப் பெயர் தள்ளி, "சுடலைமாடத்தி, 26, வியூ டவர்."

தங்கப்பன் எழுந்தான். "சாரே, இது யாரு பறஞ்சது?"

"அவங்களே கம்ப்யூட்டர்ல பறஞ்சதல்லே சேட்டா."

"எப்போ?"

"ஜூன் இருபத்தொண்ணு."

தங்கப்பன் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போனவ, உங்ககிட்ட வந்து டவர் கேட்டாளா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெயரோடு சேர்த்துப் பல்லி என்று எழுதினது உலகத்திலேயே ஒரே ஒரு காகிதத்தில். அது என் கையெழுத்து. வந்தது உன் கைக்கு. அதை அங்கே எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்காக இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சிலுவை போட்டது உன் கண்ணில் படவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜெயபாய்


திருவனந்தபுரம்
4.2.2004

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அவ்வளவு தூரம் இறங்கி ஏறியிருக்கக் கூடாது.

சில விஷயங்கள் வெளியிலிருந்து பார்த்தால் புரியாது. வெறும் ஓடைப் பாலத்துக்கு ஒரு ஆபீஸும் அனுமதி தராது. டவர் என்றால் சுற்றுலா, சுற்றுலா என்றால் பாலம் தானாக வரும். உங்களுக்குப் பாலம்தானே வேண்டும்? நான் உங்களுக்காக யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். லயத்து ஆட்களுக்கு மாற்று இடம் பற்றியும் பின்னால் பேசலாம்.

அந்தப் பட்டியல் நீங்கள் அனுப்பியது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். ஜனங்கள் உங்களைத்தான் தப்பாக நினைப்பார்கள். உங்கள் கடிதங்களையும் இனி வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். ஷைலஜா படிக்கிறாள்.

ராஜமணி


மேலாறு எஸ்டேட்
1.3.2004

ராஜமணிக்கு, கேட்டதற்குப் பதில் வரவில்லை. என் உடம்பு நன்றாயிருக்கிறது.

பாலம் வரும், அதைக் கடக்க நாங்கள் இருக்க மாட்டோம். இவ்வளவு யோசித்திருக்கிறாய் எங்களுக்காக!

பட்டியலை யார் அனுப்பினது என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னேன். தங்கப்பனையும் வரச் சொல்லியிருந்தேன். ரத்னாபாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளே ஒரு பழுப்புக் காகிதத்தோடு வந்தாள். லயத்தின் படத்தை வரைந்திருந்தாள். நாற்பத்திரண்டு வீடு, குழாய், காப்பகம், கல்லறை, ஓடை, தடி, எதையும் விடவில்லை. கீழே 'ரத்னாபாய் பல்லி வரைந்தது' என்று எழுதச் சொன்னாள்.

பிறகு உயிரோடிருக்கிற ஐம்பத்தேழு பேரும் ஆளுக்கொரு காகிதம் எழுதினோம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நான் எழுதினேன், அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கீழே வித்துராவில் விஜின் என்பவர் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறார், பெரிய பிள்ளைகள் இருக்கிற மனுஷன். கல்யாணப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மிஷினில் எங்கள் காகிதங்களை வைத்தார். "எல்லாத்தையும் ஒண்ணாக்கி விட்டா ஒரே பராதின்னு எண்ணிருவான். தனித்தனியா விடலாம்" என்றார். உங்கள் திட்டத்தின் புகார்ப் பெட்டிக்கு ஐம்பத்தேழு. பஞ்சாயத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அதன் பிரதி. ரத்னாபாயின் படத்தை உங்கள் வரைபடத்தின் மேலே பொருத்திக் காட்டினார். பச்சை போய் எங்கள் வீடுகள் வந்தன. அவள் தன் வீட்டைத் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை ஒருவரும் விரலைப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ் தெரியாது என்று அது சொல்லவே இல்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஜெயபாய்


சஹ்யா கன்சல்டன்சி, திருவனந்தபுரம்
26.3.2004
புகார் எண் 37

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது. விசாரணையில், மூன்றாம் டிவிஷன் விவரங்களைப் பதிவு செய்த தற்காலிகக் கணினி ஊழியர் செல்வி பத்மப்ரியா, வாக்காளர் பட்டியலிலிருந்து சில பெயர்களைத் தவறுதலாகச் சேர்த்தது தெரியவந்துள்ளது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். இத்துடன் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஜே. ராஜமணி
திட்ட அலுவலர்


மேலாறு எஸ்டேட்
5.4.2004

ராஜமணிக்கு,

'அம்மையீர்' கிடைத்தது. உன் ஆபீஸ் எங்களுக்குத் தமிழில் எழுதிய முதல் கடிதம். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. கீழே 'உண்மையுள்ள' என்று போட்டு உன் கையெழுத்து. தவறில்லாமல் எழுத எப்போது படித்தாய்?

வியாழக்கிழமை பஸ் பிடித்துக் கரமனைக்குப் போய் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். என்னை அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சார்தான் லிஸ்டைத் தந்து டைப் பண்ணச் சொன்னார். க்ராஸ் போட்டிருக்கே, இவாள்லாம் இல்லையான்னு கேட்டேன். அதையும் சேர்த்து அடி, நூறு பர்சன்ட் வரணும்னார்" என்றாள். நான் அந்தச் சாரின் அக்கா என்று சொன்னேன். காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றாள். அப்புறம் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

ஆக, சிலுவையை நீ பார்த்திருக்கிறாய்.

பட்டியலை நான் உனக்கு அனுப்பினதையும், அந்தப் பெண் கேட்டதையும் நீ சொன்னதையும் எழுதி, உன் எம்.டி.க்கும் பஞ்சாயத்துக்கும் வித்துராவிலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஜூலை மாதம் பட்டியல் கிடைத்தது என்று நீ எழுதிய கடிதத்தின் நகலும் கூட. அத்தான் ஒரு நாள் முழுக்கத் தடுத்தார். கூடப்பிறந்தவன் வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜெயபாய்


திருவனந்தபுரம்
10.5.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அகில் சுகம். ஷைலஜா உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

உங்கள் தபால் வந்த அன்று எம்.டி. என்னைக் கூப்பிட்டார். உங்களுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதித் தந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். பேனாவையும் கையில் தந்தார். அரைமணி நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், அந்தப் பெயர்களை அடிக்கச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது வேலையில்லை. பத்மப்ரியாவைத் திரும்ப எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன், அவள் அப்பா வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பஞ்சாயத்து டவரைக் கைவிட்டுவிட்டது. விருதை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

சிலுவையைப் பார்த்தேன் அக்கா. நாலையும் பார்த்தேன். சுடலைமாடத்தி பெயரில் கொஞ்சம் நின்றேன். பிறகு எண்ணிக்கைதானே என்று நினைத்தேன். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

தம்பி
ராஜமணி


மேலாறு எஸ்டேட், மூணாம் டிவிஷன்
17.5.2004

தம்பி ராஜமணிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே சுகம். அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஷைலஜா திரும்பி வர ஜெபிக்கிறேன். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியிருக்கிறது, அதையும் அவளிடம் சொல்.

போன வாரம் பஞ்சாயத்து ஓவர்சியர் ஒருவன் வந்து ஓடையை டேப் வைத்து அளந்தான். நடைபாலம் என்றான். ரத்னாபாய் அவன் பின்னாலேயே போய் இரண்டு தடவை அளக்கவைத்தாள். வருமா என்று தெரியாது. அளந்தது நிஜம்.

எம்.டி. தந்த பேனாவைப் பற்றி எழுதியிருந்தாய். நீ அரைமணி நேரம் யோசித்திருக்கிறாய். அதை மறக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், மறைக்காமல் எழுதினாய் என்பதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

வா. மழைக்கு முன்னால் வா. ஆனால் முதலில் என் வீட்டுக்கு வராதே. லயத்தில் கடைசி வீடு தங்கப்பனுடையது. நீ வருவாய் என்று அவனிடம் சொன்னேன். "வரட்டும்" என்றான். அவன் உன்னை அடிக்கலாம், உட்காரச் சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்குத் தெரியாது. அங்கே நின்று, அவள் பெயரை நீ என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். நான் கூட வர மாட்டேன்.

சொல்லி முடித்தபிறகு இங்கே வா. சோறு போடுகிறேன்.

அக்கா
ஜெயபாய்